சர்க்கரை, தொப்பை, பிரஷர் மூன்றும் உள்ளவருக்கு டெல்மிசார்டன்: சிறுநீரகத்தைக் காக்குமா, கெடுக்குமா?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். அப்பாவின் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது சரியான கேள்விகளைக் கேட்கத் தெரிய வேண்டும்.

வயது 56. சர்க்கரை 9 வருடமாக. எடை 84 கிலோ, உயரம் 165 செ.மீ., இடுப்புச் சுற்றளவு 102 செ.மீ. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 7.8. ட்ரைகிளிசரைடு 210, எச்டிஎல் (நல்ல கொழுப்பு) 34. கிரியேட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் எண்) 1.1, பொட்டாசியம் 4.6. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்று காட்டும் அல்புமின்–கிரியேட்டினின் விகிதம் 118. ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல்.

பிரஷர் கிளினிக்கில் 156/92. வீட்டு மெஷினில் 148/88 பக்கம் காட்டுகிறது.

இதுவரை சாப்பிட்டது: பிரஷருக்கு அம்லோடிபின் 10, அட்டெனலால் 50; சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 1000 இரண்டு வேளை, கிளிமிபிரைடு 2. சாயங்காலம் ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்கிவிடுகிறது.

இப்போது டாக்டர் அம்லோடிபினை 5 ஆகக் குறைத்து, டெல்மிசார்டன் 40 சேர்த்திருக்கிறார். சீட்டு எழுதிப் பத்து நாளாகிறது. அப்பா புது மாத்திரையைத் தொடவே இல்லை. "ஏற்கெனவே மூத்திரத்துல புரதம் போகுது, இதையும் போட்டா கிட்னி போயிடும்" என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். மாத்திரைக் கடையிலிருந்து கொண்டுவந்த தாளிலும் சிறுநீரகம் பற்றி எச்சரிக்கை இருக்கிறது.

என் சந்தேகங்கள்: டெல்மிசார்டனால் சிறுநீரகம் கெடுமா? பிரஷர் எவ்வளவுக்கு இறங்க வேண்டும்? கால் வீக்கம் எதனால்? காலையில் போடுவதா, இரவிலா? சாப்பாட்டில் எதை மாற்றுவது?

வைகறை (பொது மருத்துவர்) பதில்:

மாத்திரையைத் தொடங்கச் சொல்லுங்கள். மூத்திரத்தில் புரதம் போகிறது என்பதற்காகத்தான் இந்த மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். சொந்தக்காரர் காரணத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு நுண்குழாய், வெளியே போக ஒன்று. சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் உள்வழி விரிந்துகிடக்கும். ஆஞ்சியோடென்சின் என்ற பொருளோ வெளிவழியை இறுக்கும். வாய்க்காலில் மதகை அகலத் திறந்துவிட்டுக் கடைமடையை அடைத்தால் கரை என்ன ஆகும்? வடிகட்டியின் சவ்வுக்கும் அதுதான் நடக்கிறது. அழுத்தம் தாங்காமல் அல்புமின் கசிகிறது. டெல்மிசார்டன் ஆஞ்சியோடென்சினைத் தடுத்து அந்த வெளிவழியைத் தளர்த்துகிறது. உள்ளே அழுத்தம் இறங்குகிறது, கசிவு குறைகிறது.

பயம் எங்கிருந்து வருகிறது என்றால், வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கும்போது வடிகட்டும் அளவும் சற்றுக் குறையும். அதனால் முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பார்த்ததும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். தொடங்கிய அளவிலிருந்து 30 சதவீதம் வரை ஏறி அங்கேயே நின்றால் மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் பொருள். உங்கள் அப்பாவுக்கு 1.1 என்பதால் 1.4 வரை பதற வேண்டாம். அதைத் தாண்டினால் நீர் வற்றல், வலி மாத்திரை, சிறுநீரகத் தமனி அடைப்பு என்று காரணம் தேட வேண்டும். இந்த வகை மாத்திரைகள் சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகச் செயலிழப்பைத் தள்ளிப்போடுகின்றன என்பது 2001இல் வெளிவந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் உறுதியானது. ஒன்றில் லோசார்டன், மற்றதில் இர்பெசார்டன்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தொடங்கிய இரண்டு வாரத்தில் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்தே தீர வேண்டும். டோஸ் கூட்டும் ஒவ்வொரு முறையும் அப்படியே. இந்தப் பரிசோதனை இல்லாமல் மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவதுதான் ஆபத்து.

கால் வீக்கம் அம்லோடிபினால். அது தமனிகளை விரிக்கிறது. சிரைகளை அந்த அளவு விரிப்பதில்லை. நடுவிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் வெளியே கசிகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேங்கியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், நீர் பிரிக்கும் மாத்திரை கொடுத்தால் வீக்கம் அப்படியே இருக்கும், ஆள்தான் வற்றிப்போவார். 10 மி.கி.யில் அதிகம், 5இல் குறைவு. டெல்மிசார்டன் சிரைப் பக்கத்தையும் திறப்பதால் வீக்கம் மேலும் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் அதே வகையைச் சேர்ந்த சில்னிடிபினுக்கு மாற்றுவது நம்மூரில் வழக்கம். ஒரே காலில் மட்டும் வீக்கம், மூச்சு வாங்குதல், காலையில் முகம் உப்புதல் இருந்தால் கதையே வேறு, காத்திருக்காமல் காட்டுங்கள்.

அட்டெனலால் பற்றி டாக்டரிடம் அவசியம் பேசுங்கள். மாரடைப்போ இதயச் செயலிழப்போ படபடப்பு நோயோ இல்லாத சர்க்கரைக்காரருக்கு அது முதல் வரிசை மாத்திரை இல்லை. சர்க்கரையைச் சற்று ஏற்றும், எடையும் கூட்டும். அதைவிட முக்கியம், கிளிமிபிரைடால் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறையாது. திடீரென்று குப்பென வியர்த்தால் சர்க்கரையைக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நீங்களாக ஒரே நாளில் அட்டெனலாலை நிறுத்திவிடக் கூடாது. இதயத் துடிப்பும் பிரஷரும் எகிறும். பாதியாக்கி, ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல விடுவிப்பார்கள்.

காலையா இரவா என்பதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. 21,000 பேருக்கு மேல் பங்கேற்ற பிரிட்டன் ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரு வேளைக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. மறக்காத வேளை எதுவோ அதுவே நல்ல வேளை.

குறிஞ்சி (நீரிழிவு மருத்துவர்) பதில்:

வைகறை சொன்னதோடு உடன்படுகிறேன். இலக்கு எண்ணைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இங்கேதான் பேச்சு மாறியிருக்கிறது.

1998இல் வந்த பிரிட்டன் ஆய்வில் 1,148 சர்க்கரை நோயாளிகள். ஒரு குழுவின் சராசரி 144/82, மற்றதில் 154/87. வெறும் 10 புள்ளிதான். அதற்கே பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது, சர்க்கரை தொடர்பான மரணம் 32 சதவீதம் குறைந்தது, கண் விழித்திரைச் சேதமும் குறைந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம், எச்பிஏ1சியை அரைப் புள்ளி இறக்க மாதக்கணக்கில் போராடுகிறவர்கள் பிரஷர் 150இல் நிற்பதைக் கண்டுகொள்வதில்லை.

அதற்குக் கீழே எவ்வளவு இறக்கலாம்? 2010இல் வந்த அக்கார்ட் ஆய்வு 4,733 சர்க்கரை நோயாளிகளிடம் பிரஷரின் மேல் எண்ணை 120க்குக் கீழே இறக்கிப் பார்த்தது. பக்கவாதம் குறைந்தாலும் மொத்தக் கணக்கில் தெளிவான லாபம் கிடைக்கவில்லை. மாத்திரைகளால் வந்த கடும் பாதிப்பு 1.3 சதவீதத்திலிருந்து 3.3 சதவீதமானது. 2015இல் பேசப்பட்ட ஸ்பிரின்ட் ஆய்வில் சர்க்கரை நோயாளிகளே இல்லை. அதை இவர்களுக்குப் பொருத்திப் பேசுவது தவறு. பிறகு 2024இல் சீனாவிலிருந்து 12,821 சர்க்கரை நோயாளிகளைக் கொண்ட ஆய்வு வந்தது. 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே வைத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகள் 21 சதவீதம் குறைவு.

என் கருத்து: உங்கள் அப்பாவுக்கு 56 வயதுதான், மூத்திரத்தில் அல்புமின் இருக்கிறது. முதல் படியாக வீட்டுச் சராசரி 130/80க்குக் கீழே. அங்கே நிலையாக நின்று, தலைசுற்றல் இல்லாமல், பொட்டாசியமும் சரியாக இருந்தால் 120ஐ நோக்கிப் போகலாம்.

இன்னொன்று. அவருடைய ஐந்து எண்களும் சேர்ந்து ஒரே நோயைச் சொல்கின்றன. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 செ.மீ. (பெண்களுக்கு 80), ட்ரைகிளிசரைடு 150, எச்டிஎல் 40க்குக் கீழ், பிரஷர் 130/85, வெறும் வயிற்றுச் சர்க்கரை 100; எச்டிஎல் தவிர மற்றவை இந்த எண்களை எட்டினாலோ தாண்டினாலோ கணக்கு. இவற்றில் மூன்று இருந்தாலே வளர்சிதை மாற்றக் கூட்டுநோய். இவருக்கு ஐந்தும் உண்டு. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பால் இன்சுலின் வேலை செய்யாமல் போகிறது, உடம்பு இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் சிறுநீரகத்தை உப்பைப் பிடித்துவைக்கச் செய்கிறது. பிரஷர் ஏறுவதில் அதற்கு ஒரு பங்கு உண்டு. எனவே இவருக்கு உப்பைக் குறைப்பதும் எடையைக் குறைப்பதும் மற்றவர்களைவிட அதிகம் பலன் தரும். ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி பிரஷர் என்பது தோராயக் கணக்கு.

டாபாகிளிஃப்ளோசின் 10 என்ற சர்க்கரை மாத்திரை பற்றியும் கேளுங்கள். அல்புமின் 118 உள்ளவருக்குச் சிறுநீரகத்துக்காகவே அது தேவை. கூடவே பிரஷரை 3 முதல் 5 புள்ளி இறக்கும். காப்புரிமை முடிந்து சில ஆண்டுகள் ஆனதால் விலையும் கைக்கு எட்டும். அதைச் சேர்க்கும்போது கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டியிருக்கலாம். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

கொழுப்புக்கான ஸ்டாடின் மாத்திரை உங்கள் பட்டியலில் இல்லை. 40 வயது தாண்டிய சர்க்கரைக்காரருக்கு அது ஏன் எழுதப்படவில்லை என்றும் கேளுங்கள்.

முல்லைக்கொடி (செவிலியர்) பதில்:

மாத்திரை பற்றிப் பேசும் முன் 148/88 உண்மையா என்று பார்க்க வேண்டும். அப்பாவின் கைச் சுற்றளவு என்ன? தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் அளந்து சொல்லுங்கள். மெஷினோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. கைக்குத்தான். 84 கிலோ ஆளுக்கு அது சிறியதாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறிய பட்டை பிரஷரைக் கூட்டிக் காட்டும். மணிக்கட்டு மெஷின் என்றால் அதை ஓரமாக வைத்துவிட்டு மேல்கை மெஷின் வாங்குங்கள்.

அளக்கும் முறை: காபி, பீடி, சிகரெட் ஆகி அரை மணி நேரம் கழிந்திருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். முதுகு சாயும் நாற்காலி, இரண்டு பாதமும் தரையில், கால்மேல் கால் கூடாது. கை மேசைமேல், பட்டை நெஞ்சு உயரத்தில். சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டிவிடாமல் கழற்றிவிடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். டிவியும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். பேசிக்கொண்டே அளந்தால் பத்துப் புள்ளி வரை கூடிவிடும்.

காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவு படுக்கும் முன் இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம். ஏழு நாள். முதல் நாள் எண்களை அடித்துவிட்டு மீதி 24 அளவின் சராசரியைப் போடுங்கள். டாக்டரிடம் அந்தச் சராசரியைக் காட்டுங்கள். அதிகமாக வந்ததை மட்டும் எழுதிவைப்பதும், பிடிக்காத எண் வந்தால் திரும்பத் திரும்ப அளந்து குறைந்ததை எழுதுவதும் வீடுகளில் நடக்கிறது. இரண்டும் மாத்திரை அளவைத் தப்பாக்கிவிடும்.

ஒன்பது வருடச் சர்க்கரை என்பதால் நின்றுகொண்டும் அளக்க வேண்டும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, எழுந்து நின்ற 1ஆம் நிமிடம், 3ஆம் நிமிடம் அளங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் பிரஷரைச் சீராக வைக்கும் தானியங்கி நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்படி இருந்தால் மாத்திரையை வேகமாகக் கூட்டக் கூடாது. விடியற்காலையில் பாத்ரூம் போகும்போது விழுந்துவிடுவார்கள்.

சுக்குமல்லி (மருந்தாளுநர்) பதில்:

கவுன்ட்டரில் அடிக்கடி தென்படும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டெல்மிசார்டன் ஈரத்தை இழுக்கும் மாத்திரை. அட்டையிலிருந்து பிரித்து வாரப் பெட்டியில் போட்டுவைக்க வேண்டாம். சாப்பிடும் நேரத்தில்தான் பிரிக்க வேண்டும். அட்டையை வெட்டும்போதும் மாத்திரையின் குமிழ் கிழியாமல் வெட்டச் சொல்லுங்கள்.

கூட்டு மாத்திரைப் பெயர்களைக் கவனியுங்கள். டெல்மிசார்டன் பிராண்டுப் பெயருக்குப் பின்னால் ஏஎம் என்றிருந்தால் பொதுவாக உள்ளே அம்லோடிபினும் உண்டு. எச் என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரை. பழைய அம்லோடிபினை விடாமல் புது ஏஎம் மாத்திரையையும் சாப்பிட்டு, கால் இன்னும் வீங்கி, தலைசுற்றி வருகிறவர்கள் உண்டு. உங்கள் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று வேதிப்பெயரைப் படித்துப் பாருங்கள், பழைய 10 மி.கி. அட்டையை அப்பா கைக்கு எட்டாமல் எடுத்துவையுங்கள். வீட்டில் ஏற்கெனவே ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகள் இருந்தால் டெல்மிசார்டனோடு சேர்க்கவே கூடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. நன்மை கூடவில்லை, சிறுநீரகத்துக்கும் பொட்டாசியத்துக்கும் கேடுதான் கூடியது.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுபுரூஃபென் கேட்டு வாங்காதீர்கள். பிரஷரை ஏற்றும், டெல்மிசார்டன் வேலையைக் குலைக்கும். கூடவே நீர் மாத்திரையும் இருந்தால் மூன்றும் சேர்ந்து சிறுநீரகத்தை ஒரே வாரத்தில் படுக்கவைக்கும். பாராசிட்டமால் போதும், அதிலும் தண்ணீரில் பொங்கும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம். வயிற்று உப்புசத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பொங்கும் பொடிகளும் அப்படியே. மூக்கடைப்பு மாத்திரைகளில் உள்ள ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபெட்ரின் பிரஷரை ஏற்றும். இருமலுக்கு அதிமதுரத்தைத் தினமும் வாயில் அடக்கிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். அது உடம்பில் உப்பைத் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும்.

மாத்திரை மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது என்றால் நல்லதுதான். அதற்காக ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

நெய்தல் (உணவியலாளர்) பதில்:

உப்புக் கணக்கை நாவால் போடாமல் பாக்கெட்டால் போடுங்கள். ஓர் ஆளுக்கு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. நான்கு பேர் வீட்டில் நாளைக்கு 20 கிராம் என்றால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேலேயே எழுதிவையுங்கள். 30 நாளில் தீர்ந்தால் ஒருவருக்கு 8 கிராமுக்கு மேல் போகிறது, அதுவும் ஊறுகாய், கடைப் பலகாரம், ஓட்டல் சேர்க்காமல்.

எங்கே குறைப்பது? சாம்பார், ரசம், பொரியல், மாவு, தயிர் என்று ஒரே சாப்பாட்டில் ஐந்து இடத்தில் உப்பு விழுகிறது. ஐந்திலும் கால்வாசி குறைத்தால் வாய்க்கு அதிகம் தெரியாது; சாம்பாரில் மட்டும் பாதியாக்கினால் அன்றே ஊறுகாய் பாட்டில் மேசைக்கு வந்துவிடும். தயிர் சாதத்துக்கும் மோருக்கும் தனியாக உப்பு வேண்டாம். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், இஞ்சி, கொத்தமல்லி கூடினால் உப்புக் குறைவது மறையும். கருவாடு, அப்பளம், மோர்மிளகாய், வற்றல், ஊறுகாய் ஐந்தையும் வாரத்துக்கு ஒரு நாளுக்கு ஒதுக்குங்கள். அப்பளத்தில் உப்போடு சோடாவும் உண்டு, இரண்டிலும் சோடியம்தான். பாக்கெட் உணவின் லேபிளில் சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து 2.5ஆல் பெருக்குங்கள், அது உப்பின் மில்லிகிராம்.

இந்துப்புக்கு மாறினால் பிரஷர் குறையும் என்பது உண்மையில்லை. அதுவும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான், அயோடின் மட்டும் இருக்காது.

ட்ரைகிளிசரைடு 210 என்பது சோறும் இனிப்பும் மதுவும் பேசும் எண். தட்டில் சோற்றைக் கால் பங்காக்கி, பாதியைக் காய்க்கும் மீதிக் காலைப் பருப்பு, முட்டை, மீனுக்கும் கொடுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை. எடையில் 5 கிலோ இறங்கினால் பிரஷர், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு மூன்றும் நகரும். குறட்டை பலமாக இருந்து பகலில் தூங்கி வழிகிறார் என்றால் தூக்க மூச்சுத்தடைக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அது இருந்தால் மாத்திரைக்கு பிரஷர் மசியாது.

காவிரிக்கரை (நான்கு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. கைச் சுற்றளவு 35 செ.மீ. பெரிய பட்டை வாங்கி அளந்ததில் பழைய 148/88 என்பது 143/85 ஆனது. படுத்து எழுந்து அளந்ததில் 6 புள்ளிதான் இறங்கியது. டாக்டர் அட்டெனலாலை 25 ஆக்கியிருக்கிறார். டெல்மிசார்டன் தொடங்கி மூன்று வாரம். ஏழு நாள் சராசரி இப்போது 134/80. கால் வீக்கம் பாதிக்கு மேல் வடிந்துவிட்டது.

ஆனால் நேற்று வந்த ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 1.3, பொட்டாசியம் 5.3. இரண்டு எண்ணுக்கும் பக்கத்தில் சிவப்பு எழுத்து. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொந்தக்காரர் போனில் பேசிவிட்டார். அப்பா இன்று காலை மாத்திரை போடவில்லை. டாக்டர் திங்கள்கிழமைதான் வருவார்.

சேர்த்துச் சொல்ல வேண்டியவை: இங்கே படித்த பிறகு சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கி அதில்தான் சமைக்கிறோம். நடைக்குப் போய்விட்டு வரும்போது தினமும் ஓர் இளநீர். போன வாரம் முழங்கால் வலிக்கு நான்கு நாள் அசெக்ளோஃபெனாக் சாப்பிட்டிருக்கிறார், எனக்கு நேற்றுதான் தெரியும்.

வைகறை பதில்:

கிரியேட்டினின் 18 சதவீதம் ஏறியிருக்கிறது. 30க்குள்தான். அதிலும் ஒரு பங்கு அசெக்ளோஃபெனாக்கால் இருக்கலாம். இதற்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை.

பொட்டாசியம் 5.3க்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். சோடியம் குறைந்த உப்பில் ஒரு பகுதி சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. டெல்மிசார்டன் சாப்பிடாத, சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது நல்ல உப்பு. இவருக்கு இப்போது இல்லை. ஓர் இளநீரில் 600 மி.கி. பக்கம் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டனும் வலி மாத்திரையும் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கின்றன, அட்டெனலாலுக்கும் சிறு பங்கு உண்டு. உள்ளே வருவதும் கூடி, வெளியே போவதும் குறைந்தால் இந்த எண்தான் வரும்.

இன்றே செய்ய வேண்டியது: அந்த உப்பை எடுத்துவிட்டுச் சாதாரண அயோடின் உப்பையே குறைவாகப் போடுங்கள். இளநீர் வேண்டாம். வலி மாத்திரை வேண்டாம். விட்ட டெல்மிசார்டனை இன்றே போடலாமா என்று டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து இரண்டு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள், 5.5க்குக் கீழே என்பதால் பெரும்பாலும் தொடரத்தான் சொல்வார்கள். ஒரு வாரத்தில் பொட்டாசியத்தை மறுபடி பாருங்கள். ரத்தம் எடுக்கும்போது முஷ்டியை மடக்கி மடக்கித் திறந்தாலும், மாதிரி நெடுநேரம் கிடந்தாலும் பொய்யாக ஏறும். அதை லேபில் சொல்லுங்கள். 6ஐத் தொட்டாலோ, கைகால் தளர்ந்து துடிப்பு தாறுமாறானாலோ திங்கள்கிழமைக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு.

குறிஞ்சி பதில்:

அடுத்த படியைப் பற்றி ஒரு வார்த்தை. 134இலிருந்து கீழே போக டெல்மிசார்டனை 80 ஆக்குவது ஒரு வழி. ஆனால் ஒரே மாத்திரையை இரட்டிப்பாக்குவதைவிட வேறு வகை மாத்திரையைச் சிறு அளவில் சேர்த்தால் பிரஷர் இறங்குவது பல மடங்கு அதிகம். இவருக்கு குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை 6.25 அல்லது 12.5 பொருத்தமாகத் தெரிகிறது. பொட்டாசியத்தையும் கீழே இழுக்கும் என்பதால் இரண்டு வேலை நடக்கும். சேர்த்த இரண்டு மூன்று வாரத்தில் சோடியம், பொட்டாசியம், யூரிக் அமிலம் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசினையும் அதையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம்; இரண்டும் நீரை வெளியேற்றும். ஒன்றுக்குப் பின் சில வாரம் விட்டு மற்றது.

அல்புமின் விகிதத்தை மூன்று மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். காலை முதல் சிறுநீர்; காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கும் நாளிலும், கடும் உடற்பயிற்சிக்கு மறுநாளும் கொடுக்காதீர்கள். 118 என்பது 80க்குக் கீழே வந்திருந்தால் சொந்தக்காரரிடம் காட்ட உங்களிடம் ஒரு தாள் இருக்கும்.

சுக்குமல்லி பதில்:

ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ்மேல் ஒட்டுங்கள்: வாந்தி, வயிற்றுப்போக்கு, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்த நாளில் டெல்மிசார்டன், நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் நான்கையும் நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். கிளிமிபிரைடு பற்றியும் அப்போதே கேட்க வேண்டும். சாப்பிடாமல் அதைப் போட்டால் சர்க்கரை தாழும். வழக்கம்போல் சாப்பிட்டு, குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு திரும்பத் தொடங்கலாம். அட்டெனலாலை மட்டும் அந்த நாளிலும் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

காவிரிக்கரை:

கிளினிக்கில் பேசிவிட்டேன். தொடரச் சொல்லிவிட்டார்கள், அப்பா மதியம் போட்டுக்கொண்டார். உப்பு டப்பாவை மாற்றியாகிவிட்டது. அடுத்த சனிக்கிழமை பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.